பியூலாக்காவின் ஆர்மோனியம் கனத்த கதை

பியூலாக்காவின் ஆர்மோனியம் கனக்கத் தொடங்கியது என் மைனி சொர்ணக்கிளியின் அடியைப் பாட்டில் சேர்த்த அன்றைக்குத்தான் என்பதில் எங்கள் உவர்மேடு காலனியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. காலையில் ஒரு கையில் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தவள் சாயங்காலம் இரண்டு கையாலும் தூக்க முடியாமல் அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் ஆசாரி வந்து பலகையைத் தட்டிப் பார்த்து உப்புக் காற்றில் மரம் ஈரம் குடித்திருக்கும் என்றார், கோயில் உபதேசியார் வந்து ஜெபம் பண்ணிப் பார்த்துவிட்டு ஆசாரி சொன்னதே சரி என்றார், நாங்கள் ஆளுக்கொரு தடவை தூக்கிப் பார்த்து ஒரு மூட்டை உப்புக்குக் குறையாது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டோம், ஏனென்றால் ஒரு பொருள் ஏன் கனக்கிறது என்று கேட்டுக்கொண்டு நின்றால் உப்பளத்தில் பிழைப்பு நடக்காது.

பியூலாக்கா எங்கள் ஊர்க்காரி இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கலைக்குழுவோடு வேனில் வந்து இறங்கினாள். ஏழு பேர் வந்தார்கள், வீதி நாடகம் போட்டார்கள், சங்கமாகச் சேருங்கள் என்று பாடினார்கள், பிறகு அவர்களுக்குப் படியளந்த தொண்டு நிறுவனம் கதவைச் சாத்தியதும் ஒருவன் கால்டாக்சி ஓட்டப் போனான், ஒருத்தி கல்யாணம் முடித்துத் திருப்பூர் போனாள், மற்றவர்கள் போன திசை யாருக்கும் தெரியாது, ஆர்மோனியத்தை யார் எடுத்துப் போவது என்ற பேச்சு வந்தபோது பியூலாக்கா அதன் மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாளாம், அப்படியே எங்களோடு தங்கிவிட்டாள். ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமை மூன்று சின்னக் கோயில்களில் கீர்த்தனைக்கு வாசிப்பு, மற்ற ஆறு நாளும் எங்கள் தெருக்கள். கோயம்புத்தூரிலிருந்து அவள் தங்கச்சி மாதம் ஒரு தடவை போன் பண்ணி, போதும் வந்துவிடு என்று கூப்பிடுவாள். இந்த ஒரு வேலை முடியட்டும் என்பாள் பியூலாக்கா.

அவள் வேலை செய்கிற விதம் தனி. ஒரு தெருவுக்குப் பதினைந்து நாள் உட்காருவாள். முதல் பத்து நாள் எதையும் கேட்க மாட்டாள், எங்களோடு வெங்காயம் உரிப்பாள், கருவாட்டுக்குக் காக்கா விரட்டுவாள், பதினோராம் நாள் எவளாவது தன்னால் வாயைத் திறப்பாள். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே இரண்டு வரியில் ஒரு அடியாகக் கட்டி, தாலாட்டுப் பழகியவளுக்குத் தாலாட்டு மெட்டில், கோயில் பாட்டுக்காரிக்குக் கீர்த்தனை மெட்டில், துஷ்டி வீட்டுக்கு முதல் ஆளாகப் போகிறவளுக்கு ஒப்பாரி மெட்டில் போட்டு, எல்லாவற்றையும் ஒரே பாட்டாகக் கோத்துவிடுவாள். அந்தப் பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. உன் அடியை நீ பாடக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரிதான் பாட வேண்டும். தன் குறையைத் தானே பாடினால் அழுகைதான் வரும், அடுத்தவள் பாடினால்தான் ஊர் காது கொடுக்கும் என்பாள். ஒரு அடியையும் விட மாட்டாள், அதனால் எங்கள் கூட்டங்கள் அநியாயத்துக்கு நீளமாக இருக்கும்.

சொர்ணக்கிளிக்குப் பக்கத்து வீடு என் வீடு. அவள் என் அண்ணன் பெண்டாட்டி. எங்கள் அம்மா செத்த பதினாறாம் நாள் ஒரு பித்தளை அண்டா யாருக்கு என்ற சண்டையில் பேச்சை விட்டது, ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் தினமும் அவள் கூடையை என் கை தொடும், என் கூடையை அவள் கை தொடும், ஏனென்றால் நிறைந்த உப்புக் கூடையை ஒரு ஆள் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது, பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து ‘கை குடு’ என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் எதிரியானாலும் வந்து தூக்கிவிட வேண்டும். வராதவள் எங்கள் அளத்தில் இதுவரை கிடையாது. முகத்தைப் பார்க்காமல் தூக்கிவிட்டுப் போவோம். அந்தச் சொர்ணக்கிளியின் அடியைத்தான் பியூலாக்கா என்னைப் பாடச் சொன்னாள்.

“தண்ணிக்குள்ள நிக்கேன் தாயி, தண்ணி குடிக்க மாட்டேன்; தாகத்த அடக்கும் வித்தய மகளுக்கும் சொல்லித் தந்தேன்.”

இதில் விளக்க ஒன்றுமில்லை. பொட்டல் அளத்தில் கக்கூஸ் கிடையாது, ஒதுங்க ஒரு செடி கிடையாது, ஆம்பளைகள் பாத்தி வரப்பிலேயே திரும்பி நின்றுகொள்வார்கள், நாங்கள் விடியற்காலம் வீட்டில் நாக்கை நனைத்துவிட்டுப் போனால் உச்சி சாய்ந்து வீடு திரும்பும் வரைக்கும் வாயில் ஒரு சொட்டு விட மாட்டோம். சொர்ணக்கிளிக்கு அதில் சிறுநீரகம் ஒன்று சுருங்கிவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த வருஷம் அவள் மகள் வேலைக்கு வந்தாள். முதல் நாளே மகள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டுத்தான் தாய்க்காரி அழைத்துப் போனாள். நான் அந்த அடியைப் பாடி முடித்தேன், பியூலாக்கா துருத்தியை மூடினாள், எழுந்தாள், ஆர்மோனியம் எழவில்லை.

அதற்குப் பிறகு சேர்ந்த ஒவ்வொரு அடிக்கும் கனம் கூடியது. எடை மேடைக்குக் கொண்டுபோய் உப்பு லாரிகளுக்கு நடுவில் எடை போட்டு, சீட்டை டீக்கடைக் கண்ணாடியில் ஒட்டினோம். நூற்று நாற்பத்திரண்டு அடி, நானூற்றுப் பதினொரு கிலோ. ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், சுமை விஷயம் என்பதால் எங்களுக்குக் கை வந்த கலையாகத்தான் எடுத்துக்கொண்டோம்: இரண்டு சவுக்குக் கம்பைக் கயிற்றால் கட்டி, முன்னால் எட்டு பின்னால் எட்டு என்று பதினாறு பேர் முறை போட்டு, கூட்டம் நடக்கும் தெருவுக்கெல்லாம் தூக்கிப் போனோம், கச்சான் காற்று அடித்த வாரம் என் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் பறக்காமலிருக்கக் கூரைக் கயிற்றை அதில்தான் கட்டினோம், அடி சேர்த்த மறுநாள் சிலபேர் வந்து, என் சங்கதிக்கு ரெண்டு கிலோதானா, அவளுக்கு மட்டும் எப்படி ஏழு கிலோ என்று சண்டை பிடித்தார்கள், பியூலாக்கா இதில் என்னட்டி போட்டி என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சண்டையில்தான் ஒருத்தி வீட்டுச் சங்கதி இன்னொருத்திக்குத் தெரிந்தது.

நாங்கள் கேட்டது இரண்டே இரண்டு. அளத்தில் குடிக்கத் தண்ணீர் வேண்டும், கக்கூஸ் வேண்டும். மனு போட்டோம், டவுனில் தொழிலாளர் ஆபீசில் பேச்சுவார்த்தைக்குத் தேதி கொடுத்தார்கள், முதல் தேதிக்கு முதலாளி தரப்பு வரவில்லை, இரண்டாம் தேதிக்கு ஆபீசருக்கு மாற்றல், மூன்றாம் தேதிக்கு எலெக்ஷன், நான்கு ஐந்து ஆறுக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு நாள் வேலை போகும், ஒவ்வொரு தேதிக்கும் போகிற ஆள் குறையும், ஒவ்வொரு தேதிக்கும் பியூலாக்கா மறுபடி முதல் தெருவிலிருந்து வாசல் வாசலாக வருவாள். அவள் முழங்கால் வீங்கியிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கதவு நிலையைப் பிடித்துக்கொள்வாள், நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்.

ஏழாவது தேதி வைகாசியில் வந்தது. இனிமேல் தள்ளி வைக்க மாட்டார்கள், ஆள் வராவிட்டால் மனுவை முடித்துவிடுவார்கள் என்று கடிதத்தில் இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் கங்காணி சுடலைமணி எங்கள் தெருக்களுக்கு வந்தார், சண்டைக்கு இல்லை, ஆளுக்கொரு கறுப்புக் குடையும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்தார்.

“நமக்குள்ள என்னம்மா ஆபீசு, மனு? மொதலாளி உங்கள நெனச்சுத்தான் குடுத்து விட்டுருக்காரு. கொற ஒண்ணுமில்லன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, அவ்வளவுதான்.”

இரண்டு கையாலும் வாருபலகையைப் பிடித்து உப்பு இழுக்கிறவள் குடையை எந்தக் கையால் பிடிப்பாள், போக இடம் இல்லாதவள் இரண்டு லிட்டரைக் குடித்துவிட்டு எங்கே போவாள் என்று அப்போது ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை, தோன்றினாலும் கேட்கிற தெம்பு இல்லை. ஆறு தேதிக்குப் போய் வந்த அசதி. நானும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இதை நான் மறைக்கப் போவதில்லை, என் குடை இப்போதும் வீட்டில் இருக்கிறது, நல்ல குடைதான்.

கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் அடியை எடுத்துவிடச் சொல்லிப் பியூலாக்காவிடம் போனார்கள், அவளும் சரி என்று தலையாட்டினாள், ஆர்மோனியம் குறைந்துகொண்டே வந்தது. பதினாறு பேர் தூக்கியதை எட்டுப் பேர் தூக்கினோம், பிறகு நாலு பேர். நாங்கள் செய்த பெரிய தப்பு அங்கேதான். கனம் குறைந்தால் சந்தோஷப்பட்டே பழகியவர்கள் நாங்கள், கூடை லேசாக இருந்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று சொல்கிறவர்கள். அதனால் ஆர்மோனியம் லேசாக ஆக ஆக, பாருங்கக்கா ஒங்களுக்கும் பாரம் கொறஞ்சிருச்சு என்று அவளிடமே போய் நல்ல சேதி மாதிரி சொன்னோம்.

“ஆமாட்டி, கொறஞ்சிருச்சு,” என்றாள்.

சொர்ணக்கிளி கையெழுத்துப் போடவில்லை. சுடலைமணி நீட்டிய குடையை வாங்கி விரித்துப் பார்த்து, மடக்கித் திருப்பிக் கொடுத்தாளாம். ஆனால் அவள் அடியைப் பாடுகிறவள் நான். சொன்னவள் விடாவிட்டாலும் பாடுகிறவள் விட்டால் கனம் போய்விடும் என்பது நான் குடை வாங்கிய அன்று சாயங்காலம்தான் எல்லோருக்கும் தெரிந்தது, எல்லாவற்றிலும் கனமான அந்த அடி ஆர்மோனியத்திலிருந்து அப்படியே கழன்றுவிட்டது. அதற்குப் பிறகும் மறுநாள் அளத்தில் நான் ‘கை குடு’ என்றபோது சொர்ணக்கிளி வந்து என் கூடையைத் தூக்கிவிட்டாள். எனக்கு அவள் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

தேதியன்று காலை ஏழரை மணி பஸ்ஸுக்குப் பியூலாக்காவும் சொர்ணக்கிளியும் மட்டும் நின்றார்கள். பியூலாக்காவின் தோளில் துணிப்பை இருந்தது; மனுவை முடித்துவிடுவார்கள், அப்படியே டவுனிலிருந்து கோயம்புத்தூர் பஸ் ஏறிவிடுகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். ஆர்மோனியம் கைக்குழந்தை கனம்கூட இல்லாமல் அவள் இடுப்பில் இருந்தது. அன்றைக்கு அளத்தில் வேலை இல்லை, எதிரே தெருக்குழாயில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குடத்தோடு நின்றோம், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

“யக்கா, ஒங்க அடி எங்க?” என்று சொர்ணக்கிளி கேட்டது எங்களுக்குக் கேட்டது.

“எனக்கு என்னட்டி அடி. நான் வாசிக்கிறவ.”

“பத்தொம்பது வருசமா ஒங்களுக்கு ஒரு கொறையும் இல்லையாக்கும். சொல்லுங்க, பக்கத்துல நிக்கிறவ நாந்தான, நான் பாடுதேன்.”

பியூலாக்கா ஆர்மோனியத்தை இடுப்பிலிருந்து இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு, எதையோ கடையில் வாங்கச் சொல்கிற குரலில் இரண்டு வரி சொன்னாள். சொர்ணக்கிளி அதைப் பாடினாள். அவளுக்குக் குரல் கிடையாது, கரகரவென்றுதான் வரும்.

“எல்லாரூட்டுக் கனமும் தூக்கி எத்தன வாசல் ஏறி வந்தேன், எந் தலச் சொமைய எறக்க ஒரு கை இதுவரைக்கும் கேக்கலையே.”

ஆர்மோனியம் தாரில் ஒரு சாண் இறங்கியது. பஸ் வந்தது, கண்டக்டர் இறங்கி ஒரு கையால் தூக்கப் பார்த்தார், பிறகு இரண்டு கையால், பிறகு டிரைவரும் பிரயாணிகள் ஆறு பேரும் சேர்ந்து பார்த்தார்கள், அசையவில்லை. எங்கள் எல்லாருடைய அடிகளும் சேர்ந்து கனத்ததைவிட அந்த ஒரு அடி கனத்தது. நேரமாகிவிட்டது என்று பஸ் போய்விட்டது. பியூலாக்கா ரோட்டிலேயே அதன் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள், முட்டியைத் தடவிக்கொண்டாள், அப்புறம் தலையைத் தூக்கிக் குழாய்ப் பக்கம் எங்களைப் பார்த்தாள்.

“கை குடுங்கட்டி,” என்றாள்.

கேட்டுவிட்டாள். இனி அதில் யோசிக்க என்ன இருக்கிறது. நான் குடத்தைக் கீழே வைத்தேன், பக்கத்தில் நின்றவள் வைத்தாள், எங்களால் முடியாமல் தெருவுக்குள் ஆள் அனுப்பினோம், கையெழுத்துப் போட்டவர்கள் போடாதவர்கள் எல்லாம் வந்தார்கள், சவுக்குக் கம்பு நாலு கட்டினோம், ஆறு கட்டினோம், அறுபது பேர் தோள் கொடுத்த பிறகு ஆர்மோனியம் தாரைவிட்டு எழுந்தது. மனுவுக்காக வந்தோம் என்று இப்போது சிலர் பெருமை பேசுகிறார்கள், பொய், ஒரு சுமை ரோட்டில் கிடந்தது, தூக்கச் சொன்னாள், தூக்கினோம்.

டவுன் பதினொரு கிலோமீட்டர். மூன்றாவது கிலோமீட்டரில் பியூலாக்காவால் நடக்க முடியவில்லை, அவளையும் தூக்கி ஆர்மோனியத்தின் மேல் உட்கார வைத்தோம், ஒரு ஆள் ஏறிய கனமே தெரியவில்லை. குடைகளுக்கு முதல் தடவையாக ஒரு பிரயோஜனம் வந்தது, சுற்றி நடந்தவர்கள் அவளுக்கு மேலே மாற்றி மாற்றிப் பிடித்தார்கள், அவள் கயிற்றைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். அவள் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. ஐந்தாவது கிலோமீட்டரில் எவளோ ஒருத்தி வாய் சும்மா இருக்காமல் பக்கத்து வீட்டுக்காரியின் அடியை முனகினாள், கனம் கூடியது, பாடாதிங்கட்டி தோள் போவுது என்று முன்னால் இருந்தவர்கள் திட்டினார்கள், திட்டியவர்களே அடுத்த அடியை எடுத்தார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இரண்டு ஆள் முன்னால் சொர்ணக்கிளி தோள் கொடுத்துப் போனாள், அவள் கழுத்துப் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றே கால். தூங்குகிறவளை மெல்ல இறக்கி வராந்தாச் சுவரில் சாய்த்தோம், ஆர்மோனியத்தை உள்ளே கொண்டுபோகப் பார்த்து, ஆபீசர் அறை வாசலில் கம்பு முட்டிக்கொண்டு அங்கேயே வைத்துவிட்டோம். ஆபீசர் சாப்பாட்டுக்குக் கிளம்பி நின்றார். கெட்டவர் இல்லை, பசித்திருந்தார்.

“உங்க டயம் பதினோரு மணிம்மா. இதக் கொஞ்சம் நகத்துங்க, நான் வெளிய போகணும்.”

“கை குடுங்க சார்,” என்றாள் சொர்ணக்கிளி.

அவர் சுற்றிப் பார்த்தார், அறுபது பேர் வியர்வையில் நின்றோம். சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்து பலகைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தார், நாங்களும் கொடுத்தோம், ஒரு அங்குலம் எழுந்தது. கனம் தெரிந்ததும் அவர் முகம் மாறியது.

“என்னம்மா இருக்கு இதுக்குள்ள?”

பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்று எனக்குத் தெரியும். அவர் கைக்குப் பக்கத்தில் என் கை இருந்தது, அதற்குப் பக்கத்தில் சொர்ணக்கிளியின் கை, ஆறு வருஷத்தில் நான் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். தண்ணிக்குள்ள நிக்கேன் தாயி என்று எடுத்தேன். மகளுக்கும் சொல்லித் தந்தேன் என்று முடிப்பதற்குள் எங்கள் எல்லாருடைய கையையும் அழுத்திக்கொண்டு பெட்டி கீழே போனது, ஆபீசர் விரலை இழுத்துக்கொள்ள நேரம் இல்லாமல் முழங்கால் போட்டுவிட்டார். விரல் நசுங்கவில்லை, சிவந்திருந்தது. அவர் தரையில் அப்படியே உட்கார்ந்து, இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். நூற்று நாற்பத்திரண்டு என்றோம். காகிதம் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடப் போகவில்லை.

உத்தரவு வந்தது. வந்ததென்றால் எங்களுக்கு வருகிற மாதிரிதான் வந்தது: ஆடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், நாலு கக்கூஸ் கேட்டதற்கு இரண்டு கட்டினார்கள், கதவு இல்லாமல் கட்டினார்கள், கதவுக்குத் தனியாக ஒரு தடவை டவுனுக்கு நடந்தோம். வேலைக்கு நடுவில் பத்து மணிக்கு சொர்ணக்கிளியின் மகள் வாருபலகையைப் போட்டுவிட்டுத் தொட்டியில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, வரப்பு வழியாகக் கக்கூஸுக்கு நிதானமாக நடந்து போவாள். சொர்ணக்கிளி வேலையை நிறுத்திவிட்டு அவள் போய்வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள், கங்காணியும் ஒன்றும் சொல்வதில்லை.

எங்கள் அடிகளின் கனம் ஒவ்வொன்றாகக் கழிந்தது, பியூலாக்காவின் அடி மட்டும் அப்படியே இருந்தது. அவளை நாங்கள்தான் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற்றிவிட்டோம், ஆர்மோனியத்தை என் வீட்டில் வைத்துக்கொண்டோம். தினமும் வேலைக்குப் போகும்போது நானும் மைனியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்ப்போம். முதல் மாதம் அசையவில்லை. அப்புறம் ஒரு நாள் கொஞ்சம் அசைந்தது.

“அக்கா நேத்து தூங்கிருக்கு,” என்றாள் மைனி.

“காலு வீக்கமும் வத்திருக்கும் போல,” என்றேன். அண்டா அவள் வீட்டில்தான் இருக்கிறது, அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.

கார்த்திகையில் மழை நின்ற ஒரு காலை நான் அதைத் தனியாகத் தூக்கினேன். இடுப்பில் வைத்துக்கொண்டு தெற்குக் காலனிக்கு நடந்தேன், அங்கே இன்னும் தொட்டியும் இல்லை கக்கூஸும் இல்லை, நான் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்து எட்டு நாள் ஆகியிருந்தது, எனக்கு ஒழுங்காக வாசிக்கவும் வராது. வழியில் போன் வந்தது, பியூலாக்கா.

“பெட்டி எப்படிட்டி இருக்கு? தெக்கால நீ ஒத்தையில போறியாம், சொர்ணக்கிளி சொன்னா. நான் கெளம்பி வரட்டா?”

ஆர்மோனியம் என் இடுப்பில் இருக்கிறதே தெரியவில்லை. நான் அதை அடுத்த பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

“இன்னும் கனமாத்தான் இருக்குக்கா,” என்றேன். “நீங்க படுங்க.”